வந்த கல்

கற்களைப் பற்றிப் படிப்பிப்பது என் தொழில். ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் புவியியல் ஆசிரியராக இருக்கிறேன். தீப்பாறை, அடையற் பாறை, உருமாறிய பாறை என்ற மூன்றையும் வருடா வருடம் கரும்பலகையில் எழுதி, வருடா வருடம் அழிக்கிறேன். ஒருமுறை எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி ஒருவர், இந்தப் பாடத்துக்கு இதைவிடத் தோதான இடம் இலங்கையிலேயே கிடையாது, சன்னலைத் திறந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இங்கே ஒரு பாடமும் எடுத்ததில்லை.

சிக்கல் மலை என்ற சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. எங்கள் தோட்டங்களில் மலை என்றால் தேயிலை நட்டு நம்பர் போட்ட காணி. காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து, பத்தாம் நம்பர் மலையில் புல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். மேசை மாதிரி தட்டையாகக் கிடக்கிற துண்டுக்கும் நம்பர் விழுந்துவிட்டால் அது மலைதான். நம்பர் விழாத உயரங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவை சும்மா மேலே இருக்கின்றன.

இது தெரிந்தும் ஒரு தவணைப் பரீட்சையில் ‘மலைகள் எவ்வாறு உருவாகின்றன?’ என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். ஒரு பிள்ளை அழகான கையெழுத்தில் பதில் எழுதியிருந்தது. ‘முதலில் காட்டை வெட்டுவார்கள். பிறகு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புவார்கள். கன்று நடுவார்கள். சில வருடங்களில் மலை உருவாகும். பிறகு அதற்கு ஒரு கங்காணியைப் போடுவார்கள்.’ எவ்வளவு பார்த்தும் அந்தப் பதிலில் எனக்குப் பிழை பிடிக்க முடியவில்லை. ஆனாலும் பூச்சியம் போட்டேன். அரசாங்கம் தந்த விடையில் கங்காணி இல்லை.

வகுப்பறைச் சுவரில் நானே வரைந்து ஒட்டிய பெரிய படம் ஒன்று உண்டு. நடுவில் எரிமலை. உச்சியில் சிவப்பும் செம்மஞ்சளும் பொங்கி வழியும். அடியில் பூமியின் வயிற்றைப் பிளந்து காட்டியிருப்பேன். எரிமலையைக் காட்டினால்தான் பாறை புரியும் என்பது என் கட்சி. முதல் நாளே பின்வரிசை வாங்கிலிருந்து கேள்வி வரும்.

“சேர், இந்த எரிமல எத்தனாம் நம்பர்?”

நம்பர் கிடையாது, இலங்கையில் எரிமலையே கிடையாது என்பேன். அப்படியென்றால் எதற்கு வரைந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கும் அரசாங்கத்திடம் விடை இல்லை.

இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பூமிக்குள் உருகிக் கிடக்கும் குழம்பு வெளியே வராமல் ஆழத்திலேயே தங்கிவிட்டால், ஆற அதற்கு வேண்டிய அவகாசம் கிடைக்கும். அவசரமில்லாமல் ஆறுவதால் மணி மணியாகப் பெரிய படிகங்களாகக் கட்டும். அதே குழம்பு வெளியே வந்து காற்றும் தண்ணீரும் பட்டால் சட்டென்று இறுகிவிடும், மணி கண்ணுக்கே தெரியாது. சீனிப்பாகை வைத்து விளக்குவேன். பாகை ஆடாமல் அசையாமல் வைத்தால் கற்கண்டு கட்டும், பச்சைத் தண்ணீரில் ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும். பாகு ஒன்றுதான், ஆறிய இடம்தான் வேறு. பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். பரீட்சையில் தீப்பாறைக்கு உதாரணம் கற்கண்டு என்று எழுதுவார்கள்.

அடையற் பாறைக்கு நான் அலைய வேண்டியதில்லை. மழை பெய்யும்போது எங்கள் தேயிலைக்கு நடுவில் ஓடும் தண்ணீர் பால்தேநீர் நிறத்தில் இருக்கும். அது எங்கள் மண். போய்க் கீழே நீர்த்தேக்கத்தில் படிகிறது. படிந்ததன்மேல் படிந்து, பாரத்தில் இறுகி, என்றைக்காவது அது பாறையாகும். அதுவரைக்கும் யாரும் இருக்க மாட்டோம் என்பதால் இதில் சண்டைக்கு வர ஆளில்லை.

மூன்றாவதுதான் நாங்கள் குடியிருக்கும் பாறை. ஒரு காலத்தில் வேறு ஏதோ பாறையாக இருந்தது. மேலே இருந்த பாரம் அழுத்த அழுத்த மிக ஆழத்துக்குப் போய்விட்டது. அங்கே சூட்டிலும் நெருக்கத்திலும் கிடந்து, உருகாமலே குணம் மாறி, வெள்ளையும் கறுப்புமாய்ப் பட்டை பட்டையாய் வரி விழுந்தது. பிறகு மேலே கிடந்த பாரத்தை மழையும் ஆறும் கொஞ்சம் கொஞ்சமாய் அரித்துக்கொண்டு போக, அடியில் கிடந்தது மெல்ல வெளியே வந்தது. பாடநூலில் அதற்கு நைஸ் என்று பெயர் போட்டிருக்கிறது. பெயரைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். கடையில் நைஸ் என்று ஒரு பிஸ்கட் இருக்கிறது. நைஸ் பாறை நைஸாக நழுவாது என்று ஒரு பகிடி வைத்திருந்தேன். கொஞ்ச காலமாக அதைச் சொல்வதில்லை.

காரணம் மழை. ஒரு வருடம் அது நிற்க மறந்துவிட்டது. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், மேட்டில், நிலம் நீளமாக வெடித்தது. முதலில் விரல் போகும் அளவு, பிறகு கை போகும் அளவு. கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு எல்லோரும் உடனே பாடசாலைக்குப் போகச் சொன்னார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வகுப்பறையில் ஒரு மூலை. எங்களுக்கு விழுந்தது என் வகுப்பறை. அதுவும் எரிமலைக்கு நேர் கீழே உள்ள மூலை. இருபது வருடச் சேவையில் முதல் தடவையாக நான் வேலைக்குப் பிந்தாமல் போனேன். பாயைச் சுருட்டினால் கடமை ஆரம்பம்.

என் மனைவி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மகள் கொழும்பில் இருப்பதால் அந்த மூலையில் நாங்கள் இருவர்தான். வகுப்பு வாங்குகளை நிறுத்தி வைத்து, அவற்றின்மேல் சேலையைப் போட்டு மறைப்புக் கட்டியிருந்தாள். சமையல் எல்லோருக்கும் ஒன்றாக மைதானத்தில். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. மழையை, வெடிப்பை, எரிமலையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மற்றவர் கையால் வடித்த சோற்றைச் சாப்பிட அவளால் முடியவில்லை.

“எனக்குன்னு ஒரு அடுப்பு போதுங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல” என்பாள்.

கேட்டது அதிகமில்லை. அதைக் கொடுக்க ஒரு வழியும் இருந்தது. மழைக்கு முந்திய வருடம்தான் எங்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்திருந்தது. லயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலையைப் பிடுங்கி வெறுமையாக்கிய ஒரு சரிவில். உறுதிப் பத்திரத்தை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். வெடிப்பு வந்த அன்றைக்கு நகையை எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் எடுத்தாள். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் இலங்கை மண்ணில் காணிக்குச் சொந்தக்காரியான முதல் ஆள் அவள். பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது, இரண்டாவதாக.

காணியின் பின்பக்கத்தில் ஒரு கல். லொறியின் முன்பாதி அளவு இருக்கும். மற்றவர்கள் அந்தத் துண்டைக் கழித்துவிட்டதற்குக் காரணமே அந்தக் கல்தான். என் மனைவி அதை மாற்றிப் பார்த்தாள். கல்லோடு சேர்த்துக் குசினியைக் கட்டிவிட்டால் பின்சுவருக்குச் செலவில்லை, காற்றும் அடிக்காது. பாடசாலையில் இருந்த நாட்களில் விடுமுறை வந்தால் போதும், அங்கே போய் நின்று அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிப்பாள். ஒரு தடவை என்னிடம் கேட்டாள்.

“என்னங்க, இந்தக் கல்லு அடியில போகுதா, இல்ல மேல சும்மா குந்தி இருக்கா?”

“அடியில போகுது. இது மலையோட எலும்பு. இது மேல தைரியமா அத்திவாரம் போடலாம்” என்றேன்.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. புருஷன் கற்களைப் படிப்பிக்கிறவன். எனக்கு எப்படித் தெரியும் என்று நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், கல் அடியில்தான் போக வேண்டும் என்று தெரிந்தது. புவியியலில் இதற்கு இடமில்லை, குடும்பத்தில் உண்டு.

மழை விட்டபின் நுவரெலியாவிலிருந்து அதிகாரி வந்தார். மண்சரிவு அபாயம் பார்க்கும் கந்தோரைச் சேர்ந்தவர், இளம் பெண், சிங்களவர். காலில் முழங்கால் வரை சப்பாத்து, இடுப்பில் சுத்தியல், கழுத்தில் கயிறு கட்டிய திசைகாட்டி. லயத்தைப் பார்த்த உடனேயே அதற்குள் இனி யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதில் பேச்சுக்கு இடமில்லை, வெடிப்பு அதற்குள் வீட்டுக் காம்பராவுக்குள்ளேயே வந்திருந்தது. மிச்சம் இருந்தது எங்கள் சரிவு. அவர் நல்லது என்று எழுதினால் அடுத்த கிழமையே பாதையிலிருந்து கல்லும் சீமெந்தும் இறக்கலாம். கெட்டது என்று எழுதினால் சிவப்புப் புள்ளி போடுவார்கள், ஏழு பேர்ச்சும் பத்திரத்தில் மட்டும் இருக்கும்.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கூடவே தலைவரும் வந்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். ஒரு காலத்தில் தேயிலைக் கிளைகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டியவர், இப்போது எங்கள் எல்லோருக்கும் பதிலாகப் பேசுகிறவர். யார் வந்தாலும் முன்னால் நிற்பார், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். அன்றைக்கு நாங்கள் போய்ச் சேருமுன்னே கல்லின்மேல் சாய்ந்துகொண்டு நின்றார். என் மனைவி பிள்ளை மடுவத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

அதிகாரி கல்லைப் பார்த்தார், தாடையை அதன் பக்கம் ஆட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

“கொஹேந்த ஆவே? கவதாத ஆவே?”

எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது. அவ்வளவுதான் கேள்வி. யார், எது என்று சிங்களத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, எதிரில் இருப்பதை வைத்து விளங்கிக்கொள்ள வேண்டும். எதிரில் கல்லும் இருந்தது, தலைவரும் இருந்தார்.

தலைவர் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். முகம் சிவந்தது.

“அபி மெஹே இபதுனே!” என்றார் சத்தமாக. நாங்கள் இங்கே பிறந்தவர்கள். “தாத்தத் மெஹே இபதுனே!” அப்பாவும் இங்கேதான் பிறந்தார்.

அதோடு விடவில்லை. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். அதன் பின்னால் மடித்து வைத்திருந்த, அவருடைய அப்பாவின் பிரசாவுரிமைப் பத்திரத்தின் போட்டோக் கொப்பியையும் எடுத்தார். அதை அவர் மழைக்காலத்திலும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் நான் சிரிக்கவில்லை. எங்கள் அப்பாமார் காலத்தில் இதே இரண்டு கேள்விகளுக்குத் திருப்தியான பதில் சொல்லாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றினார்கள். பதில் சொன்னவர்களையும் சில பேரை ஏற்றினார்கள். காக்கிச் சட்டையோ சப்பாத்தோ போட்ட ஒருவர் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால், எங்கள் ஆட்களுக்குக் கை தானாகப் பைக்குள் போகும். அதற்குத் தலைவரைக் குறை சொல்ல முடியாது.

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீட்டிய அட்டையை மரியாதையாக வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, நான் கல்லைத்தானே கேட்டேன் என்றார்.

“தலைவரே, மிஸ் ஒங்களக் கேக்கல. கல்லக் கேக்குறாங்க” என்றேன்.

தலைவர் அட்டையைப் பைக்குள் போட்டார். ஆனால் ஏறிய கோபம் இறங்கவில்லை. யாரையோ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுவிட்டார்கள், அது கல்லாக இருந்தால் என்ன.

“கல்லும் இங்கயே பொறந்ததுதான்னு சொல்லுங்க மாஸ்டர். வெள்ளக்காரன் வர்றதுக்கு முந்தியே இங்க இருந்துச்சு. தேயிலைக்கு முந்தி. எங்கயிருந்தும் வரல.”

“ஆமாங்க,” என்று என் மனைவியும் முன்னால் வந்தாள். “அடியில போற கல்லுன்னு சொல்லுங்க. நீங்கதானே சொன்னீங்க.”

மொழிபெயர்த்தேன். கல் இங்கேயே பிறந்தது என்று ஊர் சொல்கிறது என்றேன். நானும் ஊர்தான் என்பதைச் சேர்க்கவில்லை. அதிகாரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் எங்களை நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. சுத்தியலால் கல்லின் ஓர் ஓரத்தைத் தட்டி, பாசியைச் சுரண்டி, வரியைப் பார்த்தார். திசைகாட்டியை அதன்மேல் சாய்த்து வைத்து நெடுநேரம் குனிந்திருந்தார்.

பிறகு எனக்கு விளக்கினார். அவர் விளக்கியது என் பாடம். பாதை வெட்டிய இடத்தில் காலையில் பார்த்தாராம். அங்கே பாறையில் ஓடும் வரிகள் எல்லாம் ஒரே பக்கமாக மலைக்குள் சாய்ந்து போகின்றன. அடியில் ஒன்றாகக் கிடந்து ஒன்றாக மேலே வந்த பாறை என்றால் இந்தக் கல்லின் வரியும் அதே பக்கம்தான் சாய வேண்டும். இதில் வரிகள் செங்குத்தாக நிற்கின்றன. யாரோ புரட்டிப் போட்டதுபோல.

“ஒருவேளை இந்த இடத்தில் மடிப்பு இருக்கலாம் மிஸ்” என்றேன். நிலத்தடிப் பாறை சில இடங்களில் மடிந்து வளையும் என்பது உண்மைதான். ஆனால் நான் அதைப் புவியியலுக்காகச் சொல்லவில்லை.

“இருக்கலாம்,” என்றார். “அடியைத் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.”

மண்வெட்டி என் கையில்தான் வந்து சேர்ந்தது. எங்கள் காணியில் முதல் மண்ணை ஒரு நல்ல நாள் பார்த்துத்தான் வெட்டுவது என்று மனைவி சொல்லியிருந்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவளைப் பார்த்தேன். வெட்டுங்க என்று கண்ணைக் காட்டினாள். கல் அடியில் போகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு நிம்மதியாக நின்றாள்.

கல்லின் கீழ்ப்பக்க ஓரத்தில் வெட்டினேன். பாறையாக இருந்தால் கல் அகன்றுகொண்டே கீழே போகும், மண்வெட்டி ணங் என்று கேட்கும். ணங் என்று கேட்கவில்லை. கல் உள்ளே குவிந்து முடிந்தது. அதற்கு அடியிலும் மண். நல்ல கறுப்பு மண், மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். ஒரு கட்டை தட்டுப்பட்டது. கல்லுக்கு அடியில் நசுங்கி, கறுத்துச் செத்துப்போன தூர்.

தலைவர் குழிக்குள் இறங்கினார். மண்ணைக் கையால் துடைத்து, தூரின் தலையைத் தடவிப் பார்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் தடவியது அது. நினைத்திருந்தால் அவர் பொய் சொல்லியிருக்கலாம். எங்களில் வேறு யாருக்கும் அந்தக் கட்டை என்னவென்று நிச்சயமாகத் தெரியாது.

“தேயில,” என்றார். “கவ்வாத்து வெட்டு இருக்கு. ரெண்டு மூணு தடவ வெட்டி வளந்த மரம்.”

அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தேயிலை நட்டு, வளர்த்து, பல வருடம் கழித்துத்தான் கல் வந்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏதோ ஒரு மழையில் மேலேயிருந்து உருண்டு வந்திருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் செத்துப்போயிருக்க வேண்டும், அல்லது கப்பலில் போயிருக்க வேண்டும்.

“அப்ப இந்தக் கல்லு நமக்குப் பெறகு வந்ததா?” என்றார் தலைவர். அந்த நிலைமையிலும் அவர் குரலில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. எங்களுக்குப் பிறகு இந்த இடத்துக்கு வந்த ஒன்றை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதிகாரி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். நல்ல பெண். தலைவரைப் பார்த்து, உங்கள் பேச்சு முழுக்கப் பிழையில்லை, கல் இந்த மலையில் பிறந்ததுதான், கீழே மிக ஆழத்தில் பிறந்தது, மேலே வந்தது, பிறகு உச்சியிலிருந்து உடைந்து இங்கே வந்தது என்று சொன்னார். எங்கள் காலடியில் இருப்பதும் அப்படி வந்து குவிந்த மண்தான், பாறையில்லை. முன்பு வந்ததால் இனியும் போகும். மழை போதாததால் நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கடைசிப் பகுதியை நான் என் மனைவிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. “இது வந்த கல்லாம். இங்க கட்ட ஏலாதாம்” என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். மலையின் எலும்பு என்றெல்லாம் அளந்தது நான்தானே. அவள் குழிக்குள் தெரிந்த தூரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மடுவத்தில் யாராவது பிள்ளையின் மருந்து நேரத்தை விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

“அப்ப மிஸ்கிட்டக் கேளுங்க. இந்தத் தோட்டத்துல வராத கல்லு எங்க இருக்காம்?”

கேட்டேன். அதிகாரிக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தார். கீழே ஓடையோரம் எங்கள் லயம். அதற்குக் கீழே இன்னொரு லயம். இரண்டுக்கும் நடுவில் பள்ளம். எல்லாவற்றையும் தாண்டி அவர் பார்வை எதிரில் துருத்திக்கொண்டிருந்த முகட்டுக்குப் போய் நின்றது. சுத்தியலால் காட்டினார். அங்கே பாறை அடியிலிருந்து நேராக மேலே வருகிறது, காலையில் அந்தப் பக்கமும் பார்த்தேன், வரிகள் ஒழுங்காக மலைக்குள் சாய்ந்து போகின்றன, எந்த மழைக்கும் அசையாது என்றார். கட்டினவர் இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார் என்றும் சொன்னார்.

முகட்டில் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களா இருந்தது. சுற்றிவரப் புல்தரை, பூப்பாத்தி, ஒரு வாகனக் கொட்டகை. லயங்களைக் கட்டிய வெள்ளைக்காரனே அதையும் கட்டினான், நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். சுவரில் ஒரு கீறலும் விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

“அங்க ஏழு பேர்ச் குடுப்பாங்களான்னு கேளுங்க” என்றாள் மனைவி. பகிடிக்குக் கேட்கவில்லை. அதையும் கேட்டேன்.

எங்கே இருக்கக் கூடாது என்று சொல்வதுதான் என் வேலை, எங்கே இருக்கலாம் என்று சொல்வது வேறு ஆட்களின் வேலை என்றார் அதிகாரி. சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் மனைவிக்குச் சொன்னேன்.

அவள் பங்களாவைப் பார்த்தாள். பிறகு லயங்களைப் பார்த்தாள். மறுபடியும் பங்களாவைப் பார்த்தாள்.

“அப்ப அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு” என்றாள்.

உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். நான் அவருக்கு அதைச் சிங்களத்தில் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.